கழுத்தும் தோளும் இறுகிக் கிடந்தால்: அறிகுறி பார்த்து மென்மையாகப் பிடித்துவிடும் முறை

கழுத்து வலிக்கிறது, தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் வைத்தியம், யாராவது ஒருவர் பின்னால் நின்று பலம்கொண்ட மட்டும் அமுக்கிவிடுவதுதான். வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் இறுக்கம் விடும் என்ற நம்பிக்கை சென்னையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதைத்தான் முதலில் மறுக்க விரும்புகிறேன். நாள்பட்டு இறுகிக் கிடக்கும் தசை, தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அழுத்தப்பட்டால் தற்காப்பாக மேலும் சுருங்கிக்கொள்கிறது. மூச்சு தடைபடாத அளவுக்கு மென்மையாக அழுத்தி, அவசரப்படாமல் அரை நிமிடம் வரை கையை அப்படியே வைத்திருப்பதுதான் அதைத் தளர்த்துகிறது. வீடுகளுக்குச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் பணியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இன்னொன்று, வலிக்கும் இடமும் வலியை உண்டாக்கும் இடமும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை என்பது. ஆகவே இந்த வழிமுறையைத் தசைகளின் வரிசையில் எழுதாமல், நீங்கள் உணரும் அறிகுறியின் வரிசையில் எழுதுகிறேன். உங்களுக்குரிய அறிகுறிக்கு நேரே செல்லலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் விலக்க வேண்டியவை

கழுத்திலும் தோளிலும் தோன்றும் வலி அனைத்தும் தசையிலிருந்து வருவதில்லை. தோள், கழுத்து, தாடை, கை ஆகிய இடங்களில் வலியோ பாரமோ தோன்றி, கூடவே நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமலேயே மாரடைப்பு வரக்கூடும் என்பதால், அவர்கள் விஷயத்தில் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

காய்ச்சலுடன் கழுத்து விறைத்து, முகவாயை நெஞ்சில் தொடவைக்க முடியாமல் போனால் மூளை உறை அழற்சியாக இருக்கலாம். கழுத்து வலியோடு தலைச்சுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிதல், நாக்குக் குழறுதல், முகம் கோணுதல் ஆகியவை சேர்ந்தால், அது பக்கவாதத்தின் அறிகுறி. இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்த பிறகு தோன்றும் கழுத்து வலியில், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை கை வைக்கவே கூடாது. பல வாரங்களாக நீடிக்கும் வலியுடன் மாலைக் காய்ச்சலும் உடல் எடைக் குறைவும் இருந்தால், முதுகெலும்புக் காசநோய் உள்ளிட்டவற்றை மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் மிகுந்த முதியவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கழுத்தின் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். குரல்வளைக்கு இரு பக்கங்களிலும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம். கழுத்துக்குக் கீழே முன்பக்கம் குறுக்காக இருக்கும் காறை எலும்புக்கு மேலுள்ள குழியும் அப்படித்தான், அதன் வழியே கைக்குச் செல்லும் நரம்புக் கற்றைகள் போகின்றன. முடிதிருத்தும் கடைகளில் தலையைப் பிடித்துவிட்ட பிறகு, தாடையையும் பின்மண்டையையும் பற்றி வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உருவாவதால் வருவது. எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்ததற்கு அது அடையாளமன்று. அப்படித் திருப்பும்போது கழுத்தெலும்புகளின் ஊடே செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதாகத்தான் நிகழ்கிறது என்றாலும், நிகழ்ந்தால் வாழ்நாள் முழுவதற்குமான இழப்பு அது. தலையைப் பிடித்துவிடட்டும், ஆனால் கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

எண்ணெய், கை, அழுத்தம்

எண்ணெயின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ அரைத் தேக்கரண்டி இருந்தால் இரண்டு தோள்களுக்கும் போதும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சாமல், சிறு கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் சிறிது நேரம் வைத்து எடுத்து, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்த பிறகே பூச வேண்டும். சித்திரை, வைகாசி மாதப் புழுக்கத்தில் பிடரியிலும் முதுகிலும் வேர்க்குரு இருந்தால், அந்த இடத்தில் எண்ணெயைத் தவிர்த்து மெல்லிய பருத்தித் துணியின் மேலாகவே பிடித்துவிடலாம். வலி நிவாரணக் களிம்பு பூசிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்கக் கூடாது, தோல் புண்ணாகிவிடும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால், ஒத்தடத்தின் வெப்பத்தை மற்றொருவர் சோதித்துத் தர வேண்டும். எண்ணெய்க் காலோடு குளியலறைத் தரையில் கால் வைத்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்கள் உண்டு. பிடித்துவிட்ட பிறகு உள்ளங்காலையும் துடைத்துவிடுவது சிகிச்சையைச் சேர்ந்த வேலைதான்.

சித்த மருத்துவம் இந்தக் கலையைத் தொக்கணம் என்று அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று 9 வகையாகப் பிரிக்கிறது. வீட்டில் செய்வதற்கு இவற்றுள் பிடித்தல், அழுத்தல் ஆகிய இரண்டோடு எளிய நீவலும் போதும். முறுக்கல், இழுத்தல் போன்றவை முறையாகப் பயின்றவர்களின் கைக்கு உரியவை. அவை வேண்டும் என்று விரும்புபவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிகள் பிரிவுக்குச் செல்லலாம்.

அழுத்தத்தின் அளவை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வலியே இல்லாததைப் பூஜ்யம் என்றும், தாங்கவே முடியாததை 10 என்றும் கொண்டால், கை வைத்திருக்கும் இடத்தில் அவர் உணர்வது 3, மிஞ்சினால் 4. இதை அவர் வாயால் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. மருமகள் பிடித்துவிடும்போது, எவ்வளவு வலித்தாலும் “நல்லாத்தான்மா இருக்கு” என்றுதான் பல மாமியார்கள் சொல்வார்கள். ஆகவே மூச்சைக் கவனியுங்கள். மூச்சு நின்று நின்று வந்தால், கால் விரல்கள் மடங்கினால், தோள் காதை நோக்கி ஏறினால், அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முதுகெலும்பின் முட்கள் மேல் எப்போதும் அழுத்தக் கூடாது. எலும்புக்கு இரு பக்கமும் உள்ள சதைதான் நமக்குரிய இடம். ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடங்கள் போதும்.

அறிகுறி: மாலையானால் தோளின் மேற்பகுதி இறுகி, பாரம் ஏற்றியதுபோல் ஆகிறது

சென்னையில் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். பின்மண்டையிலிருந்து இறங்கித் தோளின் நுனிவரை விரியும் ட்ரபீசியஸ் என்னும் தசையின் மேற்பகுதி இதற்குக் காரணம். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது தோள்களுக்கு நேர்மேலே இருக்கும்வரை எலும்புகளே அதைத் தாங்கிக்கொள்கின்றன, முன்னால் நீளும்போது பின்கழுத்துத் தசைகள் அதை நாள் முழுவதும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் மடிக்கணினிக்கு முன்னால் முழங்கை ஊன்றாமல் தட்டச்சு செய்பவர்கள், தலைக்கவசத்துடன் குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஓட்டுபவர்கள், மாநகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பற்றியபடி நெடுந்தூரம் நின்று வருபவர்கள், லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்கு ஏற்றுபவர்கள் என எல்லோருக்கும் இறுகுவது இதே தசைதான். 15 லிட்டர் கொள்ளும் குடம் நிறைந்தால் 15 கிலோ; அதை எப்போதும் ஒரே பக்கத்தில் தூக்குபவரின் தோள்களைப் பின்னாலிருந்து பார்த்தாலே உயர வேறுபாடு தெரியும்.

பிடித்துவிடப்படுபவரை ஒரு மேசையின் முன் உட்காரவைத்து, முன்கைகள் இரண்டையும் தலையணையின் மேல் ஊன்றச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பாதிப் பலன்தான் தரும், ஏனெனில் கைகள் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவற்றின் எடையை அந்தத் தசைதான் சுமக்கிறது. பின்னால் நின்று இரு உள்ளங்கைகளையும் தோள்களின் மேல் வெறுமனே வைத்து, அவர் ஐந்தாறு முறை மூச்சு விடும்வரை ஒன்றும் செய்யாமல் இருங்கள். பிறகு பின்மண்டையின் அடியிலிருந்து கழுத்தின் பின்பக்கமாக இறங்கி, தோள் நுனிவரை மெதுவாக நீவுங்கள். கை திரும்ப மேலேறும்போது அழுத்தம் வேண்டாம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை நீவிய பிறகு, கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவே உள்ள சதை மேட்டைக் கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் மேலாகவும் இருக்குமாறு பற்றி, இலேசாக மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, 20 முதல் 30 நொடிகள் அப்படியே வைத்திருங்கள். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் பிசையக் கூடாது. விரல்கள் அசையாமல் இருக்கும்போதுதான் அவற்றுக்கிடையே தசை தானாக நெகிழ்வது தெரியும். நெகிழ்ந்ததும் விரல்களை வெடுக்கென்று எடுக்காமல் மெல்ல விடுவியுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று இடங்களில் இதைச் செய்தால் போதும்.

அடையாறில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் ஓர் அம்மாவுக்கு வலது தோளில் பல ஆண்டுகளாக இதே தொல்லை. பெட்டி ஆறேழு கிலோ எடை இருக்கும். அவருக்குப் பிடித்துவிட்டதைவிட, அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம் உதவியது. வண்டியின் பலகை அவருடைய இடுப்புக்கு மேலே இருந்ததால், பெட்டியை ஒவ்வொரு முறை முன்னே தள்ளும்போதும் தோளைக் காதுவரை தூக்கித்தான் தள்ள முடிந்தது. பெட்டியைத் தாங்கியின் மேல் வைத்துவிட்டுச் சட்டையை மடிக்கும்போதும் அந்தத் தோள் இறங்கவே இல்லை. நான் அதன்மேல் வெறுமனே கையை வைத்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியபோது, “பெட்டிய வெச்ச அப்புறமும் தூக்கிக்கிட்டேவா சார் இருந்தேன்?” என்று கேட்டார். அவர் நிற்கும் இடத்தில் ஒரு கனமான பலகையைப் போட்டு உயரத்தைக் கூட்டியதும், பெட்டியைத் தள்ள முழங்கையை நீட்டினாலே போதும் என்றாயிற்று. உங்கள் வேலையிலும் இப்படி ஒன்று இருக்கும். மேசையின் உயரம், கணினித் திரையின் உயரம், தோளுக்கும் காதுக்கும் இடையே செருகிய கைப்பேசி, எப்போதும் ஒரே தோளில் தொங்கும் பை ஆகியவற்றில் எது உங்கள் தோளைத் தூக்கியபடி வைத்திருக்கிறது என்று மற்றொருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நமக்கே அது தெரிவதில்லை.

அறிகுறி: காலையில் எழுந்ததும் கழுத்தை ஒரு பக்கம் திருப்ப முடியவில்லை

கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று சொல்லும் இந்த நிலையில், முதல் இரண்டு நாட்கள் வலிக்கும் இடத்தில் அழுத்தவே கூடாது. மிதமான வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடங்கள், அதன் பிறகு வலி தொடங்கும் எல்லைக்கு முன்பே நிறுத்தி மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பது, இவை போதும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரேனும் கழுத்தைத் திருப்ப வந்தால் மறுத்துவிடுங்கள்.

இதில் இறுகுவது பெரும்பாலும் லெவேட்டர் ஸ்கேப்புலே என்னும் தசை. கழுத்தின் மேல் நான்கு எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையில் முடிகிறது. வலி கழுத்தில் தெரிந்தாலும் கை வைக்க வேண்டிய இடம் அந்த மூலைதான். அதைக் கண்டுபிடிக்க, வலது பக்கம் வலித்தால் இடது கையை வலது தோளின் மேலாகப் பின்னால் கொண்டுபோய், விரல்களைக் கீழ்நோக்கி நகர்த்துங்கள். எலும்பின் ஒரு முனை தட்டுப்படும், அதற்குச் சற்று மேலே தொட்டால் கூசும். மூன்றாம் நாளிலிருந்து அங்கே விரல் நுனிகளை வைத்து 3 என்ற அளவில் அழுத்தி, அரை நிமிடம் காத்திருந்து, கையை எடுக்காமலேயே முகவாயை எதிர்ப்பக்க அக்குளை நோக்கி மெதுவாகத் தாழ்த்துங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால், சுவருக்கும் முதுகுக்கும் இடையே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, அந்த மூலையில் படும்படி சாய்ந்து நிற்கலாம். முழங்காலை மெல்ல மடக்கி நீட்டினால் பந்து நகரும், அசையாமல் நின்றால் பந்தும் நிற்கும்.

மின்விசிறிக் காற்று நேராகப் பட்டதால்தான் கழுத்து பிடித்துக்கொண்டது என்று பலரும் சொல்கிறார்கள். அதை நான் மறுத்துப் பேசுவதில்லை. விசிறியைத் தள்ளி வைப்பதால் நட்டம் எதுவும் இல்லை. ஆனால் தலையணையைக் கட்டாயம் கேட்பேன். இரண்டு தலையணைகளை அடுக்கிப் படுப்பது, சோபாவின் கைப்பிடியில் தலை வைத்துத் தொலைக்காட்சி பார்த்தபடியே உறங்கிவிடுவது, குப்புறப் படுப்பது ஆகிய மூன்றும் கழுத்தை மணிக்கணக்கில் ஒரே பக்கம் வளைத்து வைக்கின்றன. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்ந்ததே போதும்.

அறிகுறி: பின்மண்டையில் தொடங்கி நெற்றிக்கும் கண்ணுக்குப் பின்னாலும் ஏறும் தலைவலி

மண்டையோடு கழுத்தில் உட்காரும் இடத்தில், கண் அசைவோடு சேர்ந்து இயங்கும் மிகச் சிறிய தசைகள் இருக்கின்றன. திரையை உற்றுப் பார்க்கும்போதெல்லாம் அவை தலையை நுணுக்கமாகச் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. அவை சோர்ந்து இறுகினால், வலி அங்கே தெரியாமல் நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரிகிறது. நெற்றியில் தைலம் தேய்த்தும் தலைவலி போகவில்லை என்பவர்களில் பலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கும்.

படுக்கவைத்துச் செய்வதே சிறந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து, இரு கைகளின் விரல் நுனிகளையும் பின்மண்டை எலும்பின் கீழ் விளிம்புக்கு அடியில் மேல்நோக்கி நிறுத்தி, அவருடைய தலையின் எடையை விரல்களின் மேல் விடச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்த வேண்டியதே இல்லை. தலையின் எடைதான் அழுத்தம். முதல் ஒரு நிமிடம் தலை உங்கள் கையில் கனக்காது, ஏனென்றால் அவர் அறியாமலேயே அதைத் தூக்கிப் பிடித்திருப்பார். பிறகு சட்டென்று கனக்கத் தொடங்கும். அதிலிருந்து இன்னும் இரண்டு நிமிடங்கள் இருந்துவிட்டு, தலையணையில் மெல்ல இறக்கிவையுங்கள், உடனே எழுந்திருக்கவிடாதீர்கள். தனியாக இருப்பவர்கள் இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, பின்மண்டையின் அடியில் வைத்துப் படுக்கலாம். இரண்டு நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் நான் கவனித்த ஒரு காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்குமான இரட்டைக் கண்ணாடி (பைஃபோகல்) அணிந்தவர்கள், அதன் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் படிப்பதற்காக முகவாயை உயர்த்திக்கொண்டே வேலை செய்கிறார்கள்; பின்மண்டைத் தசைகள் நாள் முழுவதும் நசுங்கிக் கிடக்கின்றன. திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலோ, கணினிக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டாலோ, பிடித்துவிடுவதற்கான தேவையே குறைந்துவிடுகிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் போட்டுக்கொள்பவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யலாம். அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். இதுவரை வந்திராத கடுமையுடன் திடீரென்று தாக்கும் தலைவலிக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே எரிச்சலும் குடைச்சலும்

முதுகில் எரிந்தாலும் முதலில் நெஞ்சைத் தளர்த்துங்கள். குனிந்தே வேலை செய்பவர்களுக்கு மார்பின் மேற்பகுதித் தசைகள் சுருங்கித் தோள்களை முன்னே இழுக்கின்றன. அதற்கு ஈடுகொடுத்து இழுபட்டு நிற்பதால்தான் முதுகுத் தசை எரிகிறது. காறை எலும்புக்குக் கீழே, தோளுக்கு அருகில், எதிர்க் கையின் நான்கு விரல்களையும் தட்டையாக வைத்து ஒரு நிமிடம் சிறு வட்டங்களாக நீவிவிட்டு, கதவு நிலையில் முன்கையை ஊன்றி ஓரடி முன்னே எடுத்துவைத்து அரை நிமிடம் நில்லுங்கள். அதன் பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும் மற்றொருவர் உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவினால் போதும். பலருக்கு அது தேவைப்படாமலேயே எரிச்சல் தணிந்துவிடும். வலது தோள்பட்டையின் கீழே எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு மட்டும் வலித்தால், பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: கையை மேலே தூக்கவோ பின்னால் கொண்டுபோகவோ முடியவில்லை

தலை வார முடியவில்லை, பின்பக்கக் கொக்கி மாட்ட முடியவில்லை, மற்றொருவர் தூக்கிவிட்டாலும் கை ஓர் அளவுக்கு மேல் போகவில்லை என்றால் அது பெரும்பாலும் தசை இறுக்கமன்று, மூட்டுறை சுருங்கிப்போன உறைதோள். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. நீரிழிவு இருப்பதே தெரியாமல் இந்தத் தோள் வலியால் பரிசோதித்து அறிந்துகொண்டவர்களும் உண்டு என்பதால், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. பிடித்துவிடுவதால் மூட்டுறை விரியாது. ஆனால் தோள் அசையாததால் கூடுதல் வேலை செய்து இறுகும் கழுத்துத் தசைகளுக்கு, முதலில் சொன்ன ட்ரபீசியஸ் முறை ஆறுதல் தரும். யாரேனும் கையைப் பிடித்து வலுவாக இழுத்துத் தூக்குவதற்கு இடம் கொடுக்காதீர்கள். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவதில் தொடங்கி, இயன்முறை மருத்துவர் சொல்லும் படிகளில் செல்ல வேண்டும். குணமாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை முன்பே அறிந்துகொண்டால் மனம் தளராது.

அறிகுறி: கழுத்து வலியுடன் கைவிரல்கள் மரத்துப்போகின்றன

இங்கே பிடித்துவிடுவதை நிறுத்திவிட வேண்டும். கழுத்தெலும்புகளிலிருந்து வெளிவரும் நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என அந்தந்த நரம்புக்குரிய விரல் மரக்கும். இரவில் மட்டும் கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் மரத்து, கையை உதறினால் சரியானால், கோளாறு கழுத்தில் இல்லாமல் மணிக்கட்டில் இருக்கலாம். எதுவாயினும் நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, பிடித்த டம்ளர் நழுவுகிறது, நடக்கும்போது கால் தடுமாறுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்பவற்றில் ஒன்று இருந்தாலும் தண்டுவடம் அழுந்தியிருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறி: பிடித்துவிட்ட மறுநாள் வலி கூடுகிறது, அல்லது இரண்டே நாளில் திரும்பிவிடுகிறது

மறுநாள் இலேசாகத் தொட்டால் வலிப்பது இயல்பு. இரண்டு நாட்களைத் தாண்டினாலோ தோலில் நீலம் பாரித்தாலோ அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள். முழுவதும் ஆறியபின் பாதி அழுத்தத்தில், பாதி நேரம் மட்டும் செய்யுங்கள்.

வலி திரும்பத் திரும்ப வருவதுதான் பலரையும் சலிப்படையச் செய்கிறது. பிடித்துவிடுவது கழுத்து வலிக்குக் குறுகிய கால ஆறுதலையே தருகிறது. அந்த ஆறுதலான சில மணி நேரத்தில் தசையை அசைத்துப் பழக்கினால்தான் அது நிலைக்கும். ஆகவே கையை எடுத்தவுடன் படுக்கச் செல்லாமல், தோள்களைப் பின்னோக்கிப் பத்து முறை சுழற்றுங்கள். முகவாயை உள்ளிழுத்துத் தலையைப் பின்னோக்கி நேராக நகர்த்தி, ஐந்து நொடி நிறுத்தி விடுவதைப் பத்து முறை செய்யுங்கள். வேலை நேரத்தில் அரை மணிக்கொரு முறை எழுந்து நிற்பது, எவ்வளவு நல்ல நாற்காலியைவிடவும் பயன் தரும். வாரம் இரண்டு மூன்று நாட்கள் தோளுக்கு வலுவூட்டும் பயிற்சியைத் தொடர்ந்து சில வாரங்கள் செய்பவர்களுக்குத்தான் இறுக்கம் திரும்பும் இடைவெளி நீள்கிறது. கவலையான நாட்களில் பற்களைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்தியபடி மேல்மூச்சாக மூச்சு விடுபவர்கள் பலர். அவர்களுக்குத் தோளில் எத்தனை முறை கை வைத்தாலும் உறக்கமும் மன அமைதியும் கிடைக்காமல் இறுக்கம் முழுமையாக விடாது, அதையும் மருத்துவரிடம் தயங்காமல் பேச வேண்டும்.

ஆறு வாரங்கள் முறையாகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால், இயன்முறை மருத்துவரை நேரில் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. சென்னையில் பெரிய அரசு மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். போகும்போது, வலி நாளின் எந்த நேரத்தில் கூடுகிறது, எந்த வேலைக்குப் பின் கூடுகிறது, எந்தப் பக்கமாகப் படுக்கிறீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.